ஜப்பான் போகிறோம்: கையில் எவ்வளவு யென், கார்டில் எவ்வளவு?

கொங்கு ராசா (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் நடுவில் ஒன்பது நாள் ஜப்பான் போகிறோம். நான், வீட்டுக்காரி, பிள்ளைகள் இரண்டு பேர் (13, 9), அப்பா. டோக்கியோவில் ஐந்து இரவு, கியோத்தோவில் மூன்று. டிக்கெட், தங்குமிடம் எல்லாம் முடிந்தது.

குழப்பம் பணத்தில்தான். கோவையில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "முழுக்க ரொக்கமா எடுத்துப் போங்க, அங்கே கார்டு செல்லாது" என்கிறார். மச்சான் போன வருடம் ஐரோப்பா போய் வந்த தெம்பில், "ஒரு கார்டு போதும், பர்ஸே வேண்டாம்" என்கிறார். அப்பாவுக்கு இரண்டு பேர் மேலும் நம்பிக்கை இல்லை. இப்போதே இடுப்பு பெல்ட்டில் யென் வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்னிடம் விசா ஒன்று, மாஸ்டர் ஒன்று என இரண்டு கிரெடிட் கார்டு, ஒரு ரூபே டெபிட் கார்டு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள், எவ்வளவு மாற்றிக்கொண்டு போகலாம்?

---

தாம்பரம் பறவை

கவலையே வேண்டாம் நண்பா. ரோபோ காபி போட்டுத் தரும் நாடு, அங்கே கார்டு வாங்க மாட்டார்களா? ஆபீஸ் வேலையாக நான்கு நாள் போனேன். கார்டைத் தவிர எதையும் தொடவில்லை. பத்தாயிரம் யென் மாற்றிக்கொண்டு போய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

---

நிஷிகசாய்வாசி

தாம்பரம் சாருக்கு நடந்தது உண்மைதான். ஓட்டல், ஆபீஸ், டாக்சி, பெரிய கடை என்று இருந்திருப்பார். அந்தப் பாதையில் கார்டே போதும். குடும்பத்தோடு கோயில், பஸ், தெருவோரக் கடை என்று போனால் அது வேறு ஜப்பான்.

நான் டோக்கியோ எடோகவா பகுதியில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வந்த புதிதில் சம்பளம் எடுத்ததும் கற்றையாகப் பையில் வைத்துக்கொண்டு திரிவோம். இப்போது நிறைய மாறிவிட்டது. மக்கள் செலவில் ரொக்கம் இல்லாமல் நடப்பது 2024இல் 42.8 சதவீதம் என்று அரசாங்கக் கணக்கு. அதில் பெரும் பங்கு கிரெடிட் கார்டு. அதாவது பாதிக்கு மேல் இன்னும் வேறு வழியில்தான் நடக்கிறது. நூற்றுக்கு நூறு என்று நினைத்து இறங்கினால் முதல் நாளே முழிப்பீர்கள்.

கார்டு தாராளமாகச் செல்லும் இடங்கள்: ஓட்டல், டிபார்ட்மெண்ட் ஸ்டோர், தெருமுனை கன்வீனியன்ஸ் கடைகள், எலக்ட்ரானிக்ஸ் கடை, ஷின்கான்சென் (புல்லட் ரயில்) டிக்கெட், டோக்கியோ டாக்சி.

காசு கேட்கும் இடங்கள்: கோயில் நுழைவுச் சீட்டு, சிறிய உணவகம், வாரச் சந்தை, பழைய லாக்கர், கிராமத்துப் பக்கம் உள்ள தங்கும் விடுதி. கடை வாசலில் 現金のみ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தால் 'கெங்கின் நோமி', ரொக்கம் மட்டும் என்று அர்த்தம். இந்த நான்கு எழுத்தின் வடிவத்தை போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள், மெனுவைவிட அதிகம் பயன்படும்.

இன்னொன்று. கடை சிறியதா பெரியதா என்று பார்ப்பதைவிட, பணம் வாங்குவது ஆளா இயந்திரமா என்று பாருங்கள். ஆள் இருந்தால் ஏதாவது வழி பிறக்கும். பழைய டிக்கெட் இயந்திரம் உங்களோடு பேசாது.

ரயில், பஸ்ஸுக்கு சுய்கா மாதிரி ஒரு ஐசி கார்டு (முன்கூட்டியே பணம் நிரப்பித் தட்டும் அட்டை) வாங்கிவிடுங்கள். சுற்றுலாக்காரர்களுக்கு வெல்கம் சுய்கா என்று 28 நாள் செல்லும் கார்டு உண்டு, விமான நிலையத்திலேயே கிடைக்கும். மீதிப் பணம் திரும்பக் கிடைக்காது, அதனால் அளந்து போடுங்கள். டோக்கியோவில் வாங்கினாலும் கியோத்தோ பஸ்ஸிலும் செல்லும், கன்வீனியன்ஸ் கடையிலும் செல்லும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், ஸ்டேஷன் இயந்திரங்களில் அந்தக் கார்டை நிரப்ப பெரும்பாலும் நோட்டுத்தான் போட வேண்டும். ரொக்கம் இல்லாத பயணத்துக்கு ரொக்கம்!

---

கணக்குப்பிள்ளை

வங்கியில் இருபது வருடம் அந்நியச் செலாவணிப் பிரிவில் குப்பை கொட்டியவன் என்பதால் செலவுக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

நம் ஊர் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்கப், அதாவது வங்கி மேலே பிடிக்கும் கட்டணம், 3.5 சதவீதம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கூட்டினால் 4.13 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் தேய்த்தால் 4,130 ரூபாய் காணாமல் போகும். மார்க்கப் 2 சதவீதம் உள்ள கார்டும் உண்டு, மார்க்கப்பே இல்லாத கார்டும் உண்டு. உங்கள் இரண்டு கார்டின் கட்டணப் பட்டியலைத் தேடி எடுத்துப் படியுங்கள். எது குறைவோ அது முன் பையில், மற்றது வேறு பையில்.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் சொருகாதீர்கள். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும், அதற்குமேல் ரொக்கம் எடுத்த கட்டணம், அதற்குமேல் மார்க்கப். ஏடிஎம்முக்கு டெபிட் கார்டு அல்லது யென் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு.

ரூபே வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அட்டையில் ஜேசிபி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜேசிபி என்பது 1961இல் ஜப்பானிலேயே பிறந்த கார்டு நிறுவனம். 2019இல் ரூபே அதனோடு சேர்ந்து கார்டு கொண்டுவந்தது. முத்திரை இருந்தால் அந்த ஊரில் அது உள்ளூர்ப் பிள்ளை. இல்லாத சாதா ரூபே என்றால் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: கடையில் கார்டு இயந்திரம் திடீரென்று 'ரூபாயா, யென்னா' என்று கேட்கும். நம் ஊர்ப் பணத்தைப் பார்த்ததும் மனசு இளகும். இளகாதீர்கள். யென்னைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தைத் தீர்மானிப்பது உங்கள் வங்கி இல்லை, அந்தக் கடைக்காரருக்கு இயந்திரம் கொடுத்தவர். அவர் தர்மத்துக்கு மாற்றித் தர மாட்டார். அதோடு, வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டினாலும் சில வங்கிகள் அதற்கென்று தனிக் கட்டணம் போடுகின்றன. இரண்டு பக்கமும் அடி.

---

பாயிண்ட் பரமன்

கணக்குப்பிள்ளை ஐயா பயமுறுத்துகிறார். நல்ல கார்டாக இருந்தால் கிடைக்கும் ரிவார்டு பாயிண்டிலேயே அந்த 4 சதவீதம் திரும்பி வந்துவிடும். ரொக்கம் தொலைந்தால் தொலைந்ததுதான், கார்டு தொலைந்தால் போனில் முடக்கிவிடலாம். நான் எங்கே போனாலும் கார்டுதான்.

---

கணக்குப்பிள்ளை

பரமன் தம்பி, நூறு ரூபாய்க்கு எத்தனை பாயிண்ட், ஒரு பாயிண்ட் எத்தனை காசு, அதை எதில் மாற்றலாம் என்று மூன்றையும் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பல கார்டில் 1 சதவீதம்கூடத் தேறாது. ரொக்கம் தொலைவது பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை.

---

பாயிண்ட் பரமன்

பெருக்கிப் பார்த்தேன். என் கார்டில் 3.3 வருகிறது. மார்க்கப் 2. எனக்கு லாபம்தான். ஆனால் எல்லா கார்டுக்கும் இது பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன்.

---

வல்வெட்டித்துறையான், தொராண்டோ

வணக்கம் அண்ணை. 2024 ஆகஸ்ட்டில நான் போனனான். கனடாவில கோப்பிக்குக்கூட கடனட்டையைத் தட்டிப் பழகின ஆள். முதல் நாள் இரவு ஒரு ராமென் கடை. உள்ள போனால் ஆள் ஓடர் எடுக்கிறதில்லை. வாசலில ஒரு இயந்திரம். காசைப் போட்டு படத்தை அமுக்கினால் துண்டு வரும், துண்டைக் கொடுத்தால்தான் சாப்பாடு. கடனட்டை போட இடமே இல்லை.

சரி, விமான நிலையத்தில எடுத்த ஆயிரம் யென் தாள் இருக்குதே என்று போட்டன். வெளியில தள்ளிப் போட்டுது. திருப்பிப் போட்டன், மறுபடியும் தள்ளிப் போட்டுது. அந்த வருசம் ஜூலை 3ஆம் தேதிதான் புதுத் தாள்கள் வந்தது. பழைய இயந்திரத்துக்குப் புது முகம் தெரியேல்லை. பின்னால நிண்ட ஒரு பொடியன் தன்ர பழைய தாளைத் தந்து மாத்தி விட்டான். அவனுக்கு நான் தலை குனிய, எனக்கு அவன் குனிய, வரிசை நீண்டு போச்சு.

புதுப் பத்தாயிரம் யென் தாளில இருக்கிறவர் ஷிபுசாவா எய்இச்சி. ஜப்பானில முதல் நவீன வங்கியைத் துவங்கின மனுசன். அவரின்ர காசை எடுக்காத இயந்திரமும் அந்த நாட்டில இருந்தது. இப்ப அனேகமா மாத்தியிருப்பினம். என்றாலும் ஆயிரம் யென் தாளும் நூறு யென் குத்தியும் எப்பவும் கையில வைச்சிருங்கோ. பத்தாயிரத்தை கன்வீனியன்ஸ் கடையில தண்ணிப் போத்தல் வாங்கி உடையுங்கோ, அவை முகம் சுளிக்க மாட்டினம்.

---

செராங்கூன் செல்வி

இங்கே சிங்கப்பூரில் க்யூஆரைக் காட்டினால் வேலை முடிந்தது. ஜப்பானிலும் எல்லாக் கடையிலும் சிவப்பு நிறத்தில் பேபே என்ற க்யூஆர் ஆப்பின் ஸ்டிக்கர் பார்த்தேன், ஆனால் என் கார்டை வாங்க மாட்டேன் என்றார்கள். அது எப்படி? க்யூஆர் இருக்கும் கடைக்கு கார்டு ஏன் கசக்கிறது?

நம் யுபிஐ அங்கே செல்லுமா? இலங்கையில் 2024 பிப்ரவரியிலிருந்து செல்கிறது, கொழும்பில் என் தங்கை அதில்தான் புடவை வாங்கினாள்.

---

நிஷிகசாய்வாசி

செல்வி அக்கா நல்ல கேள்வி கேட்டார். காரணம் கமிஷன். சின்ன உணவகம் கார்டு வாங்கினால் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க நேரிடும். பேபே 2018இல் வந்தபோது சின்னக் கடைகளிடம் ஒரு யென்கூட வாங்கவில்லை, 2021 செப்டம்பர் வரை இலவசம். அதற்கப்புறமும் 2 சதவீதத்துக்குக் கீழ்தான். இயந்திரம் வேண்டாம், ஒரு தாளில் அச்சடித்த கட்டம் போதும். எட்டு இருக்கை உள்ள கடைக்காரர் எதை எடுப்பார்? வந்தவர் வெளிநாட்டுக்காரர் என்பதால் மறுக்கவில்லை, அவர் ஊர்க்காரர் கார்டு நீட்டினாலும் அதே பதில்தான்.

ஆனால் பேபே கணக்குத் தொடங்க ஜப்பான் போன் எண் வேண்டும். சுற்றுலாக்காரருக்கு அது சுவரில் ஒட்டிய படம் மாதிரி. வெளிநாட்டு வாலட் சிலவற்றை அந்த க்யூஆரில் காட்டலாம், அதில் நம் யுபிஐயை நான் இதுவரை பார்க்கவில்லை. யுபிஐயை நம்பி வர வேண்டாம்.

கவுண்ட்டரில் கார்டு நீட்டினால் சிலர் "இக்கட்ஸு?" என்று கேட்பார்கள். பயப்பட வேண்டாம். மொத்தமாகவா, தவணையாகவா என்று கேட்கிறார்கள். இங்கே கடையிலேயே தவணை சொல்லலாம். தலையை ஆட்டினால் போதும், வெளிநாட்டு கார்டுக்கு மொத்தம் ஒன்றுதான்.

---

கொங்கு ராசா

அப்பாடா, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு சந்தேகம். ஏடிஎம் எங்கே தேடுவது? ஓடிபி வருமா? அங்கே உள்ளூர் சிம் போடப் போகிறேன்.

---

நிஷிகசாய்வாசி

செவன் இலெவன் கடைக்குள் இருக்கும் ஏடிஎம் வெளிநாட்டு கார்டை எடுக்கும், ஆங்கிலத்திலும் பேசும். நான்கு இலக்க பின் தெரிந்திருக்க வேண்டும். அவர்களும் நூறு, இருநூறு யென் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் ஆயிரம் ஆயிரமாக எடுக்காதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை

கடையில் நேரில் கார்டு போட்டால் ஓடிபி வராது, பின் அல்லது வெறும் தட்டல்தான். ஷின்கான்சென் டிக்கெட்டை இணையத்தில் போட்டால் ஓடிபி கேட்கும். அதனால் நம் ஊர் சிம்மைக் கழற்றி டப்பாவில் போடாதீர்கள். இரண்டு சிம் போன் என்றால் அது ஒரு பக்கம் இருக்கட்டும், ரோமிங் இயக்கிவிட்டுப் போங்கள். முடிந்தால் ரயில் டிக்கெட்டை இங்கேயே போட்டுவிடுங்கள்.

2020 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்து வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் ஆப்பில் திறக்க வேண்டும். ஏடிஎம், கடை இயந்திரம், இணையம், தட்டுதல் என்று தனித்தனிச் சாவி. நான்கையும் பாருங்கள். வரம்பும் பாருங்கள், சில கார்டில் நாள் வரம்பு பத்தாயிரம் ரூபாய் என்று தூங்கிக்கொண்டிருக்கும்.

நோட்டாக எடுத்துப் போக ஒரு பயணத்துக்கு ஒருவருக்கு 3,000 டாலர் மதிப்பு வரை அனுமதி. பணம் மாற்றுபவரிடம் 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். ஜப்பானுக்குள் பத்து லட்சம் யென்னுக்கு மேல் கொண்டுபோனால் சுங்கத்தில் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது வேண்டியிருக்காது, அப்பாவின் பெல்ட்டைப் பொறுத்தது.

---

கொங்கு ராசா (டிசம்பர்)

போய் வந்துவிட்டோம். கணக்கு எழுதுகிறேன். மச்சானும் தோற்றார், டிக்கெட்காரரும் தோற்றார்.

இங்கிருந்து 80,000 யென் மாற்றிக்கொண்டு போனேன். பத்தவில்லை. ஆறாம் நாள் ஏடிஎம்மில் இன்னும் 30,000 எடுத்தேன். எல்லாம் போக கடைசியில் மிஞ்சியது ஏழாயிரம் சொச்சம். ஐந்து பேருக்கு ஒன்பது நாளில் லட்சம் யென்னுக்குச் சற்று மேல் ரொக்கம் போனது. அதில் ஐசி கார்டு நிரப்பியதே ஏறத்தாழ நாற்பதாயிரம். தங்குமிடம், ரயில், பெரிய கடை எல்லாம் கார்டு.

முதல் அவமானம் டோக்கியோவில் முதல் கடையிலேயே. கார்டைத் தட்டினேன், சிவப்பு விளக்கு. மறுபடி தட்டினேன், மறுபடி சிவப்பு. கடைக்காரப் பெண் என்னைவிட அதிகம் வருத்தப்பட்டார். மற்ற கார்டைத் தட்டினேன், அதுவும் அதே. வீட்டுக்காரி பார்த்த பார்வை இருக்கிறதே! பார்த்தால், கணக்குப்பிள்ளை சார் சொன்ன நான்கு சாவியில் இரண்டு கார்டிலும் மூன்றைத்தான் திறந்திருக்கிறேன். தட்டுதல் மூடியே கிடக்கிறது. இயந்திரத்தில் சொருகி பின் போட்டதும் போய்விட்டது. அன்று இரவே நான்காவதையும் திறந்தேன்.

ரூபாயா யென்னா என்று கேட்கும் என்றீர்கள், கேட்டது. பிள்ளைக்கு ஷூ, எனக்கு ஒரு பை, மொத்தம் 24,800 யென். இயந்திரம் 15,120 ரூபாய் என்று பெரிய எழுத்தில் காட்டி, யென்னை மூலையில் சின்னதாக வைத்திருந்தது. கடைப் பையன் நல்ல எண்ணத்தில் ரூபாய் பக்கமே விரலை நீட்டினான். யென்னைத் தொட்டேன். பிறகு ஸ்டேட்மெண்ட்டில், மார்க்கப் எல்லாம் சேர்த்து, 14,850 வந்தது. 270 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லை, ஆனால் அன்று முழுக்க எனக்கு ஒரு மிதப்பு.

கியோத்தோவில்தான் நிஷிகசாய் அண்ணா சொன்னது புரிந்தது. பஸ்ஸுக்கு எங்கள் நான்கு பேருக்கு ஆளுக்கு 230 யென், சின்னவனுக்கு மட்டும் 120. எங்கள் ஐந்து பேருக்கு 1,040. ஐசி கார்டில் ஒன்றில் பணம் தீர்ந்துவிட்டது. டிரைவர் பக்கத்துப் பெட்டி மீதி தராது, நோட்டைச் சில்லறையாக உடைத்துத் தரும், அதிலிருந்து எண்ணிப் போட வேண்டும். பஸ் நிற்கும்போது ஐந்து பேரும் வாசலில் நின்று காசு எண்ணினால் எப்படி இருக்கும்! பின்னால் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் தாங்கவில்லை.

தங்கக் கோயில் கின்காகுஜியில் பெரியவருக்கு 500, பிள்ளைகளுக்கு 300, ஆக 2,100 யென். நான் பையைத் துழாவிக்கொண்டிருக்கும்போதே அப்பா பெல்ட்டைத் திறந்து தாளாகவும் காசாகவும் சரியாக எண்ணி வைத்துவிட்டார். கையில் கொடுக்காமல் அங்கிருந்த தட்டில் வைத்தார். எப்படித் தெரியும் என்றேன். "முன்னாடி நின்னவன் வெச்சான், நானும் வெச்சேன்" என்றார்.

பரமனுக்கு: பாயிண்ட் வந்தது. வீட்டுக்காரி ஒரு தோசைக்கல் பார்த்துவைத்திருக்கிறார்.

---

பாயிண்ட் பரமன்

தோசைக்கல்லா! பாயிண்டை விமான டிக்கெட்டுக்கு மாற்றுங்கள் அண்ணா, கல்லில் மதிப்புப் பாதியாகிவிடும்.

---

செராங்கூன் செல்வி

மிஞ்சின ஏழாயிரத்தை என்ன செய்தீர்கள்?

---

கொங்கு ராசா

தாளாக இருந்ததைக் கோவையில் திருப்பி மாற்றினேன், விகிதம் வயிற்றெரிச்சல். காசை யாரும் வாங்கவில்லை. நூறும் ஐநூறும் பிள்ளைகள் உண்டியலில்.

அப்பா மட்டும் 5 யென் காசைத் தனியாகச் சேர்த்திருந்தார், மொத்தம் பதினொன்று. நடுவில் ஓட்டை, எண்ணே கிடையாது, அவர்கள் எழுத்து மட்டும்தான். "எங்க காலத்து ஓட்டைக் காலணா மாதிரியே இருக்குடா" என்று கயிற்றில் கோத்து பூஜை அறையில் மாட்டியிருக்கிறார்.

---

நிஷிகசாய்வாசி

அவர் தெரிந்தே செய்திருந்தாலும் சரி, தெரியாமல் செய்திருந்தாலும் சரி, இடம் பொருத்தம். ஐந்து யென்னை இங்கே 'கோஎன்' என்பார்கள். உறவு, பந்தம் என்பதற்கும் அதே ஒலி. கோயில் உண்டியலில் இந்த ஊர்க்காரர்கள் தேடி எடுத்துப் போடும் காசு அது. பதினொன்றைத் திருப்பிக் கொண்டுபோனார் என்றால் கோயில்காரர்கள்தான் வருத்தப்பட வேண்டும்.